ஒரு மயிரிழை இடைவெளியில் அணையும் தீ

உங்கள் பைக் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியதா? அப்படியானால் அதன் பெட்ரோல் டேங்க்குக்குள் அநேகமாக ஒரு மின்மோட்டார் ஓடுகிறது. பி.எஸ். 6 விதிகள் வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது. இன்ஜெக்டருக்கு அழுத்தத்தோடு பெட்ரோல் அனுப்பும் சின்ன பம்ப், டேங்க்கின் அடியில் பெட்ரோலிலேயே முங்கிக் கிடக்கும். அதன் மோட்டாரில் பெரும்பாலும் கார்பன் பிரஷ் உண்டு. பிரஷ் இருக்கும் மோட்டாரில் பொறி பறக்கும். ராமநாதபுரம் மாவட்டத்து ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து தொண்டிக்கோ தேவிபட்டினத்துக்கோ அந்த வண்டியில் போகிறவர், பெட்ரோலுக்கு நடுவே பொறி பறக்கும் மோட்டாரை முழங்காலுக்கு இடையில் வைத்துக்கொண்டுதான் போகிறார்.

பங்க்கிலும் இதே ஏற்பாடு உண்டு. சில இடங்களில் மோட்டாரும் பம்ப்பும் பெட்ரோல் போடும் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கும். பெரிய பங்க்குகளில் மண்ணுக்கடியில் புதைத்த தொட்டிக்குள் மூழ்கு மோட்டாரை இறக்கியிருப்பார்கள். போர்வெல்லில் சப்மெர்சிபிள் இறக்குவதைப் போன்ற வேலைதான், தண்ணீருக்குப் பதில் பெட்ரோல்.

தீயும் பெட்ரோலும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே படித்த நமக்கு, இது பாதுகாப்பானது என்பது நம்பக் கடினமான செய்தி. ஆனால் இதற்குப் பின்னால் இருநூறு ஆண்டு அறிவியல் இருக்கிறது.

நிரம்பிய தொட்டியும் காலி டிரம்மும்

திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவதில்லை. எரிவது அதன் ஆவி. அந்த ஆவியும் காற்றோடு சரியான அளவில் கலந்தால்தான் எரியும். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பற்றாது, சுமார் 7.6 விழுக்காட்டைத் தாண்டினாலும் பற்றாது. விறகை மூச்சுமுட்ட அடைத்த அடுப்பு எரியாமல் புகைவதுபோல, எரிபொருள் மிகுந்து ஆக்சிஜன் போதாத நிலை அது.

ராமநாதபுரத்து வெயிலில் மூடிய பெட்ரோல் தொட்டிக்குள், திரவத்துக்கு மேலே உள்ள இடத்தில், ஆவி இந்த 7.6 விழுக்காட்டைப் பல மடங்கு தாண்டியிருக்கும். திரவத்துக்கு உள்ளே காற்றே இல்லை. ஆகவே மோட்டார் பெட்ரோலுக்குள் இருந்தாலும், பெட்ரோல் குறைந்து ஆவிக்குள் நின்றாலும், பொறிக்குப் பற்றிக்கொள்ளச் சரியான கலவை கிடைப்பதில்லை. தொட்டி நிறைய இருக்கும் பெட்ரோலே காவலாக நிற்கிறது.

இதைப் புரிந்துகொண்டால், பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் ஒரு விபத்தின் காரணமும் விளங்கும். காலி டிரம்மைத் தண்ணீர்த் தொட்டியாக்கலாம் என்று வெல்டிங் வைக்கிறார்கள், டிரம் வெடித்துச் சிதறுகிறது. “காலிதானே” என்ற நினைப்புதான் வினை. அடியில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் எரிபொருள் ஆவியாகி, உள்ளே நிறைய இருக்கும் காற்றோடு கலந்து, 1.4க்கும் 7.6க்கும் இடையே வந்து நிற்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 15 கன மீட்டர் காற்றை எரியக்கூடிய கலவையாக்கிவிடும். 200 லிட்டர் டிரம்முக்கு இரண்டு மூன்று டீஸ்பூனே போதும்.

டீசல் விஷயத்தில் இன்னொரு நுட்பம். பெட்ரோல் பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழேயும் எரியக்கூடிய ஆவியை விடும். நம் நாட்டு டீசலுக்கு அந்தத் தொடக்க வெப்பநிலை, அதாவது ஃபிளாஷ் பாயின்ட், குறைந்தது 35 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரக்கட்டுப்பாடு. அதனால்தான் டீசல் சாது என்ற பெயர். ஆனால் மே மாதத்து ராமநாதபுரத்தில் நிழலிலேயே 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. படகுக்காக வெயிலில் வைத்திருக்கும் டீசல் கேன் அதற்கும் மேலே சூடாகும். சாது என்ற பட்டம் அந்த மதிய வேளைக்குச் செல்லாது.

உள்ளே வெடிக்கட்டும்

தொட்டிக்குள் காவல் இருக்கிறது, சரி. தொட்டிக்கு வெளியே இருக்கும் மோட்டார், சுவிட்ச், விளக்கு ஆகியவற்றுக்கு என்ன காவல்? அங்கே காற்று தாராளம். ஒரு கசிவு போதும், ஆபத்தான கலவை தயார்.

முதலில் தோன்றும் யோசனை, மோட்டாரைக் காற்றுப் புகாத பெட்டியில் அடைப்பது. அது நெடுநாள் நிற்காது. மோட்டார் ஓடும்போது பெட்டிக்குள் காற்று சூடாகி விரியும், நிறுத்தினால் குளிர்ந்து சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். தண்டு வெளியே வரும் இடத்தில் இடைவெளி இருந்தே தீரும். நாளாக நாளாகப் பெட்டி மூச்சு விடும். வெளியே ஆவி இருந்தால் அது உள்ளேயும் போகும்.

ஆகவே பொறியாளர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். ஆவி உள்ளே போகட்டும், உள்ளே வெடிக்கவும் செய்யட்டும், அந்தத் தீ வெளியே மட்டும் வரக் கூடாது. தொழிற்சாலைகளில் ‘ஃபிளேம்ப்ரூஃப்’ மோட்டார், சுருக்கமாக எஃப்.எல்.பி. மோட்டார் என்று சொல்வது இதைத்தான். கனமான வார்ப்பு உடம்பு, நெருக்கமாக வைத்த போல்ட்டுகள், அகலமான ஓரங்கள். மூடிய பெட்டிக்குள் ஆவியும் காற்றும் வெடித்தால் அழுத்தம் வெளிக்காற்றைப் போல ஏழெட்டு மடங்கு ஏறும். பெட்டி அதைத் தாங்கும். வெடித்த சூடான வாயு, மூடிக்கும் உடம்புக்கும் இடையே வேண்டுமென்றே விட்டிருக்கும் மெல்லிய இடுக்கு வழியாக வெளியேறும். அந்த இடுக்கிலேயே தீ செத்துவிடும்.

இதன் வேர் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத்தில் இருக்கிறது. 1812 மே மாதம் ஃபெல்லிங் சுரங்கத்தில் மீத்தேன் வெடித்து 92 பேர் இறந்தார்கள். அதன் பிறகு ஹம்ஃப்ரி டேவி ஆராய்ந்து, ஒடுங்கிய குழாய் வழியாகத் தீ கடப்பதில்லை என்று கண்டார். விளக்கின் சுடரை நுண்ணிய கம்பிவலையால் சூழ்ந்து 1815இல் தன் பாதுகாப்பு விளக்கை அறிவித்தார். மீத்தேன் வலைக்குள் புகுந்து எரியும், வெளியே பரவாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கெல்சென்கிர்ஷனில் கார்ல் பேலிங் என்ற சுரங்கப் பொறியாளர், சுரங்க மின்கருவிகளின் பெட்டிக்குள் வாயுவை வெடிக்க வைத்துச் சோதித்து, டேவியின் கொள்கையை மோட்டாருக்குக் கொண்டுவந்தார். இந்தியாவில் இந்தச் சோதனைகளுக்குப் பேர்போனது தன்பாத். 1956இல் அங்கே தொடங்கிய சுரங்க ஆய்வகம், இன்று மத்திய சுரங்க மற்றும் எரிபொருள் ஆய்வு நிறுவனமாக வளர்ந்திருக்கிறது.

இடுக்கில் தீ எப்படிச் சாகிறது? இருபுறமும் உள்ள உலோகம் வெப்பத்தை உறிஞ்சுகிறது. இடுக்கிலிருந்து பீய்ச்சி வரும் சூடான வாயு வெளியே உள்ள குளிர்ந்த வாயுவோடு வேகமாகக் கலக்கிறது. எரிதல் தொடங்குவதற்குள் அதன் சூடு கரைந்துவிடுகிறது. எவ்வளவு இடுக்கு வரை இது நடக்கும் என்பது வாயுவைப் பொறுத்தது. புரொப்பேன் தீ 0.92 மில்லிமீட்டர் வரை தோற்றுப்போகும். எத்திலீனுக்கு 0.65. ஹைட்ரஜன் 0.29 மில்லிமீட்டருக்குள்தான் அடங்கும். இதை வைத்தே கருவிகளை 2ஏ, 2பி, 2சி என்று பிரிக்கிறார்கள். பெட்ரோல் சேருவது 2ஏ வகுப்பில். ஹைட்ரஜனும் அசிட்டிலினும் கடினமான 2சி.

குறையாகத் தெரிவதே காவல்

விஷயம் தெரியாத கண்ணுக்கு அந்த இடுக்கு ஒரு குறையாகத் தெரியும் என்பதுதான் சிக்கல். மழைத் தண்ணீர் போகுமே என்று நல்லெண்ணத்தோடு சிலிக்கான் பசையை அப்பிவிடுவார்கள். அந்தப் பெட்டி சோதனை முடித்துச் சான்று பெற்றது அந்த இடுக்கோடுதான். பசை அப்பியபின் அது யாரும் சோதிக்காத வேறொரு பெட்டி. இறுகாத கிரீஸ் தடவலாம், இறுகும் பூச்சு கூடாது. பன்னிரண்டு போல்ட்டில் பதினொன்றை முறுக்கிவிட்டு, “ஒன்றுதானே” என்று விட்டால், அந்த இடத்தில் வெடிப்பின் அழுத்தம் மூடியைத் தூக்கி இடுக்கை அகலமாக்கும். ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் தீக்கு வழி.

இன்னொரு விதி படிக்கும்போது விசித்திரமாக இருக்கும். இடுக்குக்கு எதிரே சுவரோ குழாயோ மிக அருகில் இருக்கக் கூடாது. 2ஏ வாயுவுக்குக் குறைந்தது 10 மில்லிமீட்டர், 2பிக்கு 30, 2சிக்கு 40 இடம் விட வேண்டும். பீய்ச்சி வரும் வாயு எதிலாவது மோதினால் குளிர்ந்த வாயுவோடு சரியாகக் கலக்காது, சூடு தங்கிவிடும். எஃப்.எல்.பி. மோட்டார் வாங்கி வைத்துவிட்டோம் என்று நிம்மதி கொள்ள முடியாததற்கு இதுவே காரணம். இரும்பை மட்டும் வாங்கினால் போதாது, அந்த மயிரிழையையும் காப்பாற்ற வேண்டும்.

பொறி மட்டுமே தீ மூட்டுவதில்லை, சூடான மேற்பரப்பும் மூட்டும். இங்கே வாயுக்களின் வரிசை தலைகீழாகிவிடுகிறது. இடுக்கில் அடங்க மறுக்கும் ஹைட்ரஜன், சூடான பரப்பில் தானாகப் பற்ற 500 டிகிரிக்கு மேல் வேண்டும். பெட்ரோலுக்கு 280 டிகிரி அளவு போதும். கார்பன் டைசல்ஃபைடு சுமார் 100 டிகிரியிலேயே பற்றும். அதனால் கருவியின் மேற்பரப்பு எவ்வளவு சூடாகலாம் என்பதற்குத் தனியாக டி1 முதல் டி6 வரை வகுப்பு வைத்திருக்கிறார்கள். டி1 என்றால் 450 டிகிரி வரை, டி3 என்றால் 200, டி6 என்றால் 85. மோட்டாரின் பெயர்ப்பலகையில் இரண்டு குறியீடுகளும் சேர்ந்து இருப்பதன் பொருள் இதுதான். ஒன்றைப் பார்த்து மற்றதை விட்டால் பாதிப் பாதுகாப்பு.

சொட்டும் கிளாண்ட்

ஆர்.எஸ்.மங்கலம் பம்ப் தெரிந்த ஊர். நாரை பறக்காத 48 மடைக் கண்மாய் என்று பேர் பெற்ற பெரிய கண்மாயின் ஊர் அது. மடைத் தண்ணீர் எட்டாத வயலுக்கு ஆயில் இன்ஜின் வைத்து இறைத்த விவசாயிக்குப் பம்ப்பின் குணம் அத்துப்படி. ஃபுட் வால்வு கசிந்து தண்ணீர் இறங்கிவிட்டால் பம்ப் வெறுமனே சுற்றும். தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் கிளாண்ட் கயிறு கருகி நாறும். தண்டு வரும் இடத்தில் கிளாண்டைக் கொஞ்சம் தளர்த்தி, தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும்படி விட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்தச் சொட்டுதான் தண்டைக் குளிர வைக்கிறது.

இதே பம்ப்பைப் பெட்ரோலுக்கு வைத்தால், ஆரோக்கியத்தின் அடையாளமான அந்தச் சொட்டே விபத்தின் முதல் படியாகிறது. அதனால் எரியும் திரவங்களுக்கு மெக்கானிக்கல் சீல் போடுகிறார்கள். மழமழவென்று தேய்த்த இரண்டு வளையங்கள், ஒன்று சுற்றும், ஒன்று நிற்கும். இடையில் சில மைக்ரான் தடிமனுக்குத் திரவப் படலம். பம்ப் வெறுமனே ஓடினால் அந்தப் படலம் போய்விடும். வளையங்கள் ஒன்றோடொன்று உரசிச் சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான டிகிரி சூடேறும். அதே நேரம் சீல் உடைந்து ஆவி வெளியே வரும். எரிபொருள், காற்று, சூடு மூன்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. மோட்டார் எவ்வளவு நல்ல எஃப்.எல்.பி. ஆனாலும் இதைத் தடுக்காது. மின்சாரமே இல்லாத பாகங்களுக்கும் வெடிப்புப் பாதுகாப்புத் தரம் தேவை என்று சர்வதேசத் தரநிலைகள் வலியுறுத்துவது இதனால்தான். 2016இல் வந்த ஐ.எஸ்.ஓ. 80079 வரிசையின் பகுதிகள் பேரிங், சீல், கப்ளிங் போன்றவற்றைப் பற்றியே பேசுகின்றன.

வெறுமனே ஓடுவது ஒரு பிழை என்றால், டெலிவரி வால்வை மூடிவிட்டு ஓட்டுவது இன்னொன்று. திரவம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுழலும். 5 கிலோவாட் சக்தி முழுவதும் 10 லிட்டர் பெட்ரோலுக்குள் வெப்பமாக இறங்கினால், நிமிடத்துக்குச் சுமார் 18 டிகிரி ஏறும். 40 டிகிரியை ஒட்டிக் கொதிக்கத் தொடங்கும் பெட்ரோலுக்கு ஒரு நிமிடமே அதிகம்.

இவற்றைத் தடுக்கத் தொட்டியில் மட்டம் அறியும் சென்சார், பம்ப்பில் வெப்பம் அறியும் சென்சார் எல்லாம் வைக்கிறார்கள். அப்படியானால் தொட்டிக்குள்ளேயே மின்கம்பி போகிறதே, அதன் பொறி? அங்கே மூன்றாவது உத்தி. கம்பியில் போகும் மின்சாரத்தையே, பொறி விழுந்தாலும் ஆவி பற்றாத அளவுக்குக் குறைத்துவிடுகிறார்கள். இந்த உத்திக்கும் ஒரு சுரங்கத் துயரமே காரணம். 1913 அக்டோபரில் வேல்ஸ் நாட்டின் செங்கெனித் சுரங்கத்தில் 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். சுரங்கத்தில் சைகை கொடுக்கும் சாதாரண மின்மணியின் பொறிமீது சந்தேகம் விழுந்தது. எந்த அளவு மின்சாரம் பற்றவைக்கும், எந்த அளவு பற்றவைக்காது என்று அளக்கும் ஆய்வு அப்போது சூடுபிடித்தது.

அறியாமல் விழும் பொறி

பற்றவைக்க வேண்டிய சக்தி வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. மீத்தேனுக்கும் புரொப்பேனுக்கும் ஒரு ஜூலில் நாலாயிரத்தில் ஒரு பங்கு அளவே போதும். பெட்ரோல் ஆவியும் அந்தக் கணக்கை ஒட்டியதே. ஹைட்ரஜனுக்கு அதிலும் பத்தில் ஒன்று. நைலான் சட்டையோடு சீட்டிலிருந்து நகர்ந்து எழும் மனிதரின் உடம்பில் பத்தாயிரம் வோல்ட் வரை நிலைமின்சாரம் ஏறலாம். அது கதவுப்பிடியில் பாயும்போது வெளிவரும் சக்தி, இந்தத் தேவையைப் போல நாற்பது மடங்கு. கையில் சுரீரென்று படாத அளவுக்குச் சின்னப் பொறிகூட ஆவியைப் பற்றவைக்கப் போதுமானது.

கடற்கரைக் காற்றின் ஈரம் நம் உடம்பில் மின்னேற்றம் சேருவதைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் குழாய்க்குள் ஓடும் எரிபொருள் தானே உரசி மின்னேற்றம் கொள்கிறது, அதை வெளிக்காற்றின் ஈரம் தொடாது. அதனால்தான் லாரியிலிருந்து தொட்டியில் இறக்கும் முன் எர்த் கம்பி மாட்டுகிறார்கள். காலித் தொட்டியில் குழாயின் வாய் மூழ்கும் வரை நொடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கு மேல் பம்ப் செய்யக் கூடாது, பிறகும் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். உலோகப் பாத்திரத்தை எர்த் செய்யலாம், பிளாஸ்டிக் கேனை முடியாது.

காப்பாற்ற வந்த பம்ப்

2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. லண்டனுக்கு வடக்கே பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் ஒரு தொட்டியின் அளவுமானி பழுதாகி, நிரம்பியது தெரியாமல் பெட்ரோல் வந்துகொண்டே இருந்தது. நிறுத்த வேண்டிய கடைசி சுவிட்சும் வேலை செய்யவில்லை. இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் வழிந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவும். காற்றசைவு அதிகமில்லாத அந்த வேளையில் வெள்ளை மூட்டமாக அது கிடங்கைத் தாண்டியது. 6 மணி 1 நிமிடத்துக்கு யாரோ அபாயப் பொத்தானை அழுத்தினார்கள். சங்கு ஒலித்தது. தீயணைப்புத் தண்ணீர் பம்ப் தானாக ஓடத் தொடங்கியது. உடனே எல்லாம் வெடித்தது. பம்ப் கிளம்பியபோது விழுந்த பொறிதான் பற்றவைத்திருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. 43 பேர் காயமடைந்தார்கள். விடுமுறை விடியல் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை.

அது தண்ணீர் பம்ப். ‘எரிபொருள் பம்ப்புக்குத்தானே ஃபிளேம்ப்ரூஃப் வேண்டும்’ என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிடக் கடுமையான பாடம் இல்லை. பம்ப் எதை இறைக்கிறது என்பதைவிட, எந்தக் காற்றில் நிற்கிறது என்பதே முக்கியம். தொழிற்சாலைகளில் இடத்தையே மண்டலம் 0, 1, 2 என்று பிரிப்பது இதனால்தான். எப்போதும் ஆவி இருக்கும் இடம் 0, வழக்கமான வேலையிலேயே அவ்வப்போது ஆவி வரக்கூடிய இடம் 1, கோளாறு ஏற்பட்டால் மட்டும் சிறிது நேரம் வரக்கூடிய இடம் 2. பம்ப்புக்காக எடுத்த குழியில் கனமான ஆவி தங்கும் என்பதால், வெளித்தரையைவிடக் கடுமையாக அது கருதப்படும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2009 அக்டோபர் 29 மாலை, ஜெய்ப்பூரின் சீதாபுராவில் இந்தியன் ஆயில் கிடங்கில் ஏறத்தாழ அதே கதை நடந்தது. பக்கத்துக் கிடங்குக்குக் குழாய் வழியே பெட்ரோல் அனுப்ப வால்வுகளைத் திறந்துகொண்டிருந்தபோது பெட்ரோல் பீறிட்டது. ஆவியில் சிக்கிய ஊழியர்களால் வால்வை மூட முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆவி பரவியபின் வெடித்தது. 11 பேர் இறந்தார்கள், ஒரு வாரத்துக்கும் மேல் தொட்டிகள் எரிந்தன. ஃபிளேம்ப்ரூஃப் அல்லாத மின்கருவியோ, கிளப்பிய ஒரு வாகனமோ பற்றவைத்திருக்கலாம் என்று அதை விசாரித்த எம்.பி.லால் குழு கருதியது.

நம் கரையில்

இவை எங்கோ நடந்தவை என்று தள்ளிவிட முடியாது. ராமநாதபுரம் மாவட்டத்தின் பெரியபட்டினம், கஞ்சிரங்குடிப் பகுதிகளில் ஓ.என்.ஜி.சி. எரிவாயு எடுக்கிறது. வழுதூரில் அந்த வாயுவில் ஓடும் அரசு மின்நிலையம் 187 மெகாவாட் திறன் கொண்டது. ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய் 2021 பிப்ரவரி 17 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வாயுவை நகர்த்துவது கம்ப்ரசரின் வேலை என்றாலும், வாயுவோடு சேர்ந்து வரும் பெட்ரோலைப் போன்ற திரவத்தைப் பம்ப்தான் தள்ள வேண்டும். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் படித்த நம் பிள்ளைகள் இந்த நிலையங்களிலும், வளைகுடா நாட்டு எண்ணெய் ஆலைகளிலும் ஸ்பேனர் பிடிக்கிறார்கள். மூடியைத் திறந்து மாட்டும் அவர்களுக்கு, அந்த இடுக்கு ஏன் இருக்கிறது என்பதைப் பாடத்திட்டத்திலேயே சொல்லித் தர வேண்டும். காரணம் தெரிந்தவன் பன்னிரண்டாவது போல்ட்டை விட்டுவிட மாட்டான்.

நம்மைப் போன்றவர்கள் செய்ய வேண்டியதும் கொஞ்சம் உண்டு. பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் வாங்காதீர்கள். உரிய உலோக கேனில் வாங்கினாலும் வண்டிமேல் வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து, குழாயின் வாய் கேனைத் தொட்டிருக்கும்படி நிரப்பச் சொல்லுங்கள். பெட்ரோலோ டீசலோ இருந்த காலி டிரம்மை யார் கேட்டாலும் வெல்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். எங்கேயாவது பெட்ரோல் கொட்டி வாடை வீசினால், சுவிட்சைப் போடவும் வேண்டாம், எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம், வண்டியைக் கிளப்பவும் வேண்டாம். ஆட்களை விலக்கிவிட்டு, நன்றாகத் தள்ளிப் போய் நின்று 101க்கு அழையுங்கள்.